சாகாவரமா, பழைய நாளுக்கு ஒரு பயணமா? – சனிக்கிழமை வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்து வண்டிப்பெரியாற்றில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். சனிக்கிழமை சாயங்காலம் பாடம் முடிந்ததும் வாயனசாலை (நூலகம்) மாடியில் அரை மணி நேரம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கூட்டிப்போக வரும் அம்மாக்களும் பாட்டிகளும் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். என் அம்மாவும் சில வாரம் வருவார்.

காலம் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அன்று முளைத்த கேள்வி, ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வரும்போது மறுபடி முளைக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சார், சாகாமலே இருக்கிறதா, இல்ல பழசுக்குப் போய் ஒண்ணை மாத்துறதா? ரெண்டுல ஒண்ணுதான்னா எதை எடுக்கணும்?

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு விதி வைத்துக்கொண்டு பேசுவதால்தான் பாதி நேரம் சண்டையில் போகிறது. சாகாவரம் எடுத்தால் முதுமை வராது, நோய் கொல்லாது. ஆனால் உங்களுக்கு மட்டும்தான். பயணம் எடுத்தால் எந்தக் காலத்திலும் ஒரே ஒரு நாளுக்குப் போகலாம், ஒரு காரியத்தை மாற்றலாம், அப்புறம் திரும்பி வந்துவிட வேண்டும்.

எங்கள் மாடியில் நான் கவனித்ததைச் சொல்கிறேன். பதினாறு வயதுக்காரர்கள் சட்டென்று சாகாவரத்துக்குக் கை தூக்குவார்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் கை தூக்குவதில்லை, ஒரு தேதி சொல்வார்கள். மனசில் ஒரு தேதி வைத்திருக்கும் யாரும் சாகாவரம் கேட்டு நான் இதுவரை பார்க்கவில்லை.

சாகாவரம்னா தொண்ணூறு வயசுக் கிழவியா ஆயிரம் வருசம் முடங்கிக் கிடக்கணுமா?

இது ஒரு பாட்டி கேட்டது. நல்ல சந்தேகம். சாகாமல் இருப்பதும் நன்றாக இருப்பதும் வேறு வேறு என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சிரஞ்சீவிகள் என்று சொல்லப்படுகிறவர்களில் மகாபலியும் அனுமனும் இருக்கிறார்கள், அசுவத்தாமனும் இருக்கிறான். அவனுக்குச் சாகாமை கிடைத்தது வரமாக அல்ல, நெற்றியில் ஆறாத புண்ணோடு அலையும் சாபமாக.

நம் விதிப்படி முதுமை இல்லை. ஆனால் மேலிருந்து பாறை விழுந்தால்? குட்டிக்கானம் வளைவில் பஸ் கவிழ்ந்தால்? விபத்தையும் விலக்கிவிடாத சாகாவரம் என்றால் கணக்குப் போடலாம். விபத்தில் சாகும் வாய்ப்பு வருடத்துக்கு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஆயுள் ஆயிரம் வருடம் வரும். ஆனால் வரம் வாங்கியவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய 700 வருடத்துக்குள் போயிருப்பார்கள். மூப்பே இல்லாவிட்டாலும் சாவு இருக்கும். பயமும் கூடவே இருக்கும், அதுவும் இப்போதைவிட அதிகமாக. இழக்க நாற்பது வருடம் வைத்திருக்கிறவர் சாலையைக் கடக்கும் விதமும், நானூறு வருடம் வைத்திருக்கிறவர் கடக்கும் விதமும் ஒன்றாக இருக்காது.

நெசமாவே சாகாத உயிர் ஏதாவது இருக்கா?

மூப்பு தெரியாத உயிர்கள் இருக்கின்றன. குளத்து நீரில் இருக்கும் ஹைட்ரா என்ற சின்ன உயிரை நான்கு வருடம் தனித்தனியாக வளர்த்துப் பார்த்து, மூப்பின் அடையாளமே தெரியவில்லை என்று 1998-இல் ஒரு ஆய்வு வந்தது. டரிட்டாப்சிஸ் என்றொரு சொறிமீன் இனம் அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ தன் குழந்தைப் பருவத்துக்கே திரும்பி, மறுபடி வளரும். ஆனால் வேறொரு மீன் அதை விழுங்கிவிட்டால் கதை முடிந்தது. கிரீன்லாந்து சுறா சாகக்கூடியதுதான், ஆனாலும் குறைந்தது 272 வருடம் வாழக்கூடியது என்று 2016-இல் கணக்கிட்டார்கள்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. நம் மலையில் நூறு வயது தாண்டிய தேயிலைச் செடிகள் உண்டு. விட்டுவிட்டால் அது மரமாகிவிடும். சில வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவதால்தான் இடுப்பு உயரத்தில் நின்று கொழுந்து விடுகிறது. வேரும் அடித்தண்டும் கொள்ளுத்தாத்தா காலத்தது, இலை போன வாரத்தது. அந்தச் செடியின் வயது நூறா, ஏழு நாளா? பிள்ளைகள் இதில் ரொம்ப நேரம் நின்றுவிடுவார்கள். நானும் அவசரப்படுத்துவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கொஞ்சம் மரியாதையோடு சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஹென்றியெட்டா லேக்ஸ் என்ற பெண் 1951-இல் 31 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவரைக் கேட்காமலே எடுத்த கட்டியின் செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசியைச் சோதிக்கவும் அவை உதவின. செல் சாகவில்லை. ஐந்து பிள்ளைகளின் அம்மா செத்துப்போனார். அவரைக் கொன்றதே அந்தச் சாகாத செல்தான்.

மனுசன் அதிகபட்சம் எத்தனை வருசம் இருக்கலாம்?

ஆவணத்தோடு சொல்லப்படும் அதிகபட்சம் பிரான்சின் ழான் கல்மான். 1997-இல் இறந்தபோது அவருக்கு வயது 122 வருடம் 164 நாள்.

நம் செல்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரிவதில்லை. சாதாரண மனிதச் செல் 40 முதல் 60 முறை பிரிந்து பிறகு நின்றுவிடுகிறது என்று ஹேஃப்ளிக் 1961-இல் காட்டினார். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனி கொஞ்சம் தேய்கிறது என்பது பின்னால் புரிந்தது. அந்த நுனி பற்றிய வேலைக்குத்தான் 2009-இல் மருத்துவ நோபல். சரி, தேயாமல் செய்துவிட்டால்? பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் செய்வதே அதுதான். முந்தின பதிலில் சொன்ன செல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துல முப்பது வயசுலயே செத்துப்போவாங்களாமே?

விடுதலை வாங்கிய சமயத்தில் இந்தியாவின் சராசரி ஆயுள் சுமார் 32. இன்று 70-ஐ ஒட்டி இருக்கிறது. ஆனால் 32 என்றால் எல்லாரும் முப்பத்திரண்டில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. கைக்குழந்தைகள் அவ்வளவு பேர் செத்தார்கள், அதனால் சராசரி கீழே இறங்கியது. உங்கள் பாட்டியின் அம்மா எத்தனை பெற்று எத்தனை தங்கியது என்று வீட்டில் கேளுங்கள், புரியும். சாகாவரத்தை நோக்கி மனிதர்கள் உண்மையில் எடுத்த பெரிய அடி எது என்று கேட்டால், நான் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக் காப்பாற்றியதைத்தான் சொல்வேன்.

சித்தர்கள் சாகவே இல்லைன்னு எங்க பாட்டி சொல்லுது. அது பொய்யா?

பாட்டியோடு சண்டை போடாதீர்கள். வள்ளலார் மரணமிலாப் பெருவாழ்வு என்று பேசினார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நம்புகிறவர்கள் அவர் ஒளியில் கலந்தார் என்கிறார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க முடியாது, சோதிக்கவும் நான் வரவில்லை.

கேள்விக்கு வேண்டிய விஷயம் இதுதான். அவர் கேட்டது 'நான் மட்டும் இப்படியே இருந்துகொண்டிருக்க வேண்டும்' என்பதை அல்ல. வாடிய பயிரைப் பார்த்து வாடியவர் அவர். சத்திய தருமச்சாலையில் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறது. நம் விதியில் இருக்கும் சாகாவரம் வேறு சாமான்.

டைம் மெஷின் முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்.

இரண்டு வார்த்தை வேண்டும். முன்னால், அதாவது எதிர்காலத்துக்கு, முடியும். பின்னால், பழசுக்கு, வழி தெரியவில்லை.

முன்னால் போவதை அளந்தே பார்த்துவிட்டார்கள். 1971-இல் ஹேஃபலே, கீட்டிங் என்ற இருவர் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் வைத்து உலகத்தைச் சுற்றி வந்தார்கள். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பங்கு போட்டால், கிழக்கே போன கடிகாரம் தரையில் இருந்ததைவிட 59 பங்கு பின்தங்கியது; அதாவது அதோடு போனவர்கள் அந்தத் துளி அளவு எதிர்காலத்துக்குப் போய்விட்டார்கள். மேற்கே போனது 273 பங்கு முந்தியது. உங்கள் போனில் வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் நம்முடையதைவிட நாளைக்கு 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் பிசகிவிடும். குமுளி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் உங்களை அது காட்டுக்குள் காட்டும்.

பின்னால் போவது வேறு. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு, சுற்றி வந்து தன் பழைய நாளையே தொடும் பாதைகள் உள்ள ஒரு தீர்வை கேடல் 1949-இல் கண்டுபிடித்தார். ஆனால் அதற்கு அண்டமே சுழல வேண்டும். நம் அண்டம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. ஸ்டீபன் ஹாக்கிங் 2009 ஜூன் 28 அன்று காலப்பயணிகளுக்கு ஒரு விருந்து வைத்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகுதான் வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை.

நட்சத்திரத்தைப் பார்த்தா பழசைப் பார்க்கிறோம்னு நீங்கதானே சொன்னீங்க? அது பயணம் இல்லையா?

பார்வை மட்டும் போகிறது, கை போகவில்லை. சூரியனை எட்டு நிமிடம் 20 வினாடி பழசாகப் பார்க்கிறோம். சிரியஸை எட்டரை வருடம் பழசாக. கரண்ட் போன தெளிந்த இரவில் மொட்டைப்பாறைமேல் ஏறினால் ஆண்ட்ரோமிடா வெறுங்கண்ணுக்கே ஒரு மங்கல் திட்டாகத் தெரியும். அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் வருடம் ஆகிறது. இறந்தகாலம் அங்கேயே கிடக்கிறது, நம்மால் தொட முடியவில்லை. அதைவிட வேறு என்ன வேண்டும் என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். பின்வரிசை ஒத்துக்கொள்ளாது.

நான் பழசுக்குப் போய், எங்க தாத்தாவைக் கேரளாவுக்கே வரவிடாமத் தடுத்துட்டா?

உலகம் முழுக்கத் 'தாத்தா முரண்' என்று சொல்லும் புதிர், நம் ஊரில் இப்படித்தான் வரும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்குத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வருகிறார், முன்பணம் கொடுக்கிறார். நீங்கள் போய், 'தாத்தா, அந்தப் பணத்தை வாங்காதீங்க' என்கிறீர்கள். அவர் கேட்டுவிட்டால் மலைக்கு வரமாட்டார், லயத்தில் பாட்டியைப் பார்க்கமாட்டார், நீங்கள் பிறக்கமாட்டீர்கள். அப்போது அவரைத் தடுத்தது யார்?

மூன்று வகையாகப் பதில் சொல்கிறார்கள். நோவிகோவ் என்ற ரஷ்ய இயற்பியலாளர் வழியில், நீங்கள் போகலாம், ஆனால் என்ன செய்தாலும் நடந்ததுதான் நடக்கும். யாரோ ஒரு பையன் வந்து தடுத்ததாலேயே தாத்தாவுக்கு ரோஷம் வந்து கையெழுத்துப் போட்டிருக்கலாம். எவரெட் 1957-இல் முன்வைத்த பல உலகக் கருத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டால், நீங்கள் மாற்றியது வேறொரு கிளை உலகம். உங்கள் உலகத்தில் தாத்தா மலை ஏறிவிட்டார். ஹாக்கிங் வழியில், இயற்கையே அந்தப் பாதையை அடைத்துவிடும்.

என்னை உறுத்துவது இரண்டாவது பதில்தான். நீங்கள் காப்பாற்றியது வேறொருவருடைய தாத்தாவை. உங்கள் தாத்தாவின் அட்டைக்கடி தழும்பு அப்படியேதான் இருக்கும்.

ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் மாத்தினா ஒண்ணும் ஆகாதுல்ல?

1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் கணினியில் வானிலைக் கணக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மறுபடி ஓட்டும்போது 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் இரண்டு கணக்கும் ஒன்றாகப் போயின, பிறகு சம்பந்தமே இல்லாத இரண்டு வானிலையாகப் பிரிந்துவிட்டன. சின்ன விஷயம் என்று ஒன்று இருக்கிறதா என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும்.

பாண்டியன் அந்தச் சிலம்பை முதல்லயே உடைச்சுப் பார்த்திருந்தா?

சித்ரா பௌர்ணமி முடிந்த வாரம் இது கட்டாயம் வரும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு விடுவார்கள். குமுளியில் இருந்து ஜீப்பில் தமிழ்க்காரரும் மலையாளிகளும் காட்டு வழியே ஏறுவார்கள். கண்ணகி சிலம்புக்குள் மாணிக்கம், அரசி சிலம்புக்குள் முத்து. ஒரு நிமிடம் முன்னால் உடைத்துப் பார்த்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான், மதுரை எரிந்திருக்காது, கண்ணகி மேற்கே நம் மலைக்கு நடந்திருக்கமாட்டாள். கோயிலும் இல்லை.

'கோயில் இல்லாட்டி என்ன சார், புருஷன் உயிரோட இருந்திருப்பான்ல?' என்று ஒரு பெண் கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. பின்னால் நல்லது ஒன்று விளைந்தது என்பதற்காக அந்த வெட்டு நடந்தே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது.

1956-க்குப் போய் பீருமேட்டையும் தேவிகுளத்தையும் தமிழ்நாட்டோட சேர்த்துட்டா?

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் அந்தப் பக்கம் போயின. தேவிகுளமும் பீருமேடும் இந்தப் பக்கம் நின்றன. தமிழ்நாட்டோடு சேர்வதற்காக உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூட்டை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஆகவே இது விளையாட்டுக் கேள்வி இல்லை.

எல்லைக்கோட்டை நகர்த்தினால் எது நகரும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வகுப்பிலேயே அப்பா தமிழும் அம்மா மலையாளமுமாக உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் உட்கார்ந்திருக்கும் வாயனசாலை கேரளத்து நூலக இயக்கத்தில் வந்தது. தாத்தா புதிரின் மூன்று பதிலும் இங்கேயும் பொருந்தும். நான் போகமாட்டேன். போவேன் என்கிறவரின் கோபமும் எனக்குப் புரிகிறது.

முல்லைப்பெரியாறு 999 வருச ஒப்பந்தமாமே? அது முடியறதைப் பார்க்கணும்னா சாகாவரம்தானே வேணும்?

ஆமாம். திருவிதாங்கூரும் வெள்ளைக்கார அரசும் 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்துப் போட்டன. 999 வருடம் என்றால் 2885 வரை. அணையே 1895-இல்தான் முடிந்தது.

அது எவ்வளவு நீளம் என்று தெரிய, கையெழுத்து நாளில் இருந்து 999 வருடம் பின்னால் போங்கள். 887. தஞ்சைப் பெரிய கோயில் கிடையாது. சோழர்கள் அப்போதுதான் தலையெடுக்கிறார்கள், ஆதித்த சோழன் காலம். அன்று பிறந்த ஒருவர் சாகாவரத்தோடு இன்று நம் மாடிக்கு வந்தால் என்ன பாஷை பேசுவார்? 849-இல் கொல்லத்தில் எழுதிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டைப் பார்த்தால், இந்தக் கரையில் தமிழும் மலையாளமும் இன்னும் முழுசாகப் பிரியாத ஒரு பேச்சு தெரிகிறது. நாம் தினமும் கலந்து பேசிப் பேச்சு வாங்குகிறோமே, அவருக்கு அது கலப்பாகவே தோன்றாது. ஆனால் நாம் சொல்வதில் பாதி அவருக்குப் புரியாது, அவர் சொல்வதில் முக்கால்வாசி நமக்குப் புரியாது. தாய்மொழி பேச ஒரு ஆள் கிடைக்காமல் நானூறு, ஐநூறு வருடம் இருப்பதை யோசித்துப் பார்க்கிறேன். சலிப்பு வராதா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். சலிப்பைவிட இந்தத் தனிமைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்லாருக்கும் சாகாவரம் குடுத்துட்டா தனிமை இருக்காதே?

சரி, விதியைத் தளர்த்துவோம். உங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கு ஓர் அறை, ஒரு அடுப்படி. தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. கொள்ளுப்பாட்டி இன்னும் இருபத்தைந்து வயதில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு வேலைக்குப் பெயர் பதிவாகுமா? சாவு நின்றால் பிறப்பையும் நிறுத்த வேண்டிவரும். இந்த மாடியில் பதினாறு வயதுக்காரர்களே இருக்கமாட்டார்கள், இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்காது.

ஒரே ஒருத்தருக்கு மட்டும்னா, யாருக்குக் குடுக்கலாம்?

இதற்கு நம்மிடம் பழைய பதில் உண்டு. ஆயுளை நீட்டும் நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது. அதன் பலனைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்துவிட்டான். பின்னால் சேரன் தகடூரை வளைத்துப் பிடித்த போரில் அவன் மடிந்தான்.

புறநானூற்றில் இன்னொரு பாட்டு இருக்கிறது. இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இருக்கிறது என்கிறது. எழுதியவர் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் செத்தவர் என்பதே அவர் பெயராக நின்றுவிட்டது.

பெட்டிமுடி ராத்திரிக்குப் போகலாம்னா, யாரு சார் போகமாட்டாங்க?

இதைக் கேட்ட பிள்ளைக்கு அங்கே சொந்தம் இருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. கயத்தாறுப் பக்கம் வேர் உள்ள குடும்பங்கள் பல. கரண்ட் இல்லை, போன் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது.

போகலாம் என்றால் எல்லாரும் போவோம். நானும் போவேன். ஆனால் அன்று வகுப்பில் அடுத்த கேள்வியையும் கேட்டோம். போய் என்ன செய்வோம்? மழையை நிறுத்த முடியாது. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி, மலை வரப்போகுது என்றால் யார் நம்புவார்கள்? ஒரு நாள் முன்னால் போய் மழைமானியைப் பார்க்கச் சொல்லலாம். ஒரு வருடம் முன்னால் போய் டவருக்கு பேட்டரி கேட்கலாம். இன்னும் பின்னால் போய், ஓடைக்கரையில் லயம் கட்டாதீர்கள் என்று சொல்லலாம். கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தோம். எழுதினதில் பாதி, அவரவர் லயத்துக்கு இன்றே கேட்க வேண்டியதாக இருந்தது. அந்த வாரமே பிள்ளைகள் தங்கள் லயத்துக்கு மேலே உள்ள ஓடைகளைப் படம் வரைந்து, பெரிய மழைக்கு எங்கே போவது என்று வீடுகளில் பேசினார்கள். கேட்ட பிள்ளை வரையவில்லை. அவளை நான் கேட்கவும் இல்லை.

மாத்திட்டு வந்தா, அந்த வலி போயிடுமா?

யோசித்தால் தலை சுற்றும் கேள்வி இது. மாற்றம் பலித்துவிட்டால் நடக்காத ஒன்றை நீங்கள் நினைத்திருக்கமாட்டீர்கள். வலியும் இல்லை, வலி போனது என்ற நிம்மதியும் இல்லை. காப்பாற்றப்பட்டவர் எதிரே உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று முணுமுணுப்பார். நீங்களும் எரிந்து விழுவீர்கள். அவர் திரும்பக் கிடைத்தவர் என்பதே உங்களுக்குத் தெரியாது.

மாறாக, நினைப்பு அப்படியே இருக்கிறது என்று வைத்தால், உலகத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் நடக்காத ஒரு சாவைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது.

நீங்க எதை எடுப்பீங்க? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

பயணம்தான். 1993, ஆடி மாதம். நான் ப்ரீடிகிரி முதல் வருடம். ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஜீப் பிடித்து மெயின் ரோட்டுக்கு வந்தோம். கிழக்கே குமுளி இறங்கிக் கம்பம் போனால் நாற்பது கிலோமீட்டருக்குள். மேற்கே கோட்டயம் நூறுக்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு கோட்டயத்தில் இருந்தது. எந்தப் பக்கம் என்று டிரைவர் கேட்டார். வீட்டில் படித்தவன் நான்தான். கோட்டயம் என்றேன். முண்டக்கயம் தாண்டவில்லை.

கம்பம் போயிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். மேலே எழுதின அத்தனை நியாயமும் எனக்குத் தெரியும். லோரன்ஸ் கணக்கும் தெரியும். அந்த இரவுக்குப் பிறகுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். மாற்றினால் இந்த மாடியும் நீங்களும் எனக்கு இருக்கமாட்டீர்கள். தெரிந்தே சொல்கிறேன், நான் போவேன். கம்பம் என்று சொல்வேன்.

உங்க அம்மாகிட்ட கேட்டீங்களா?

கேட்டேன். சாகாவரம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பயணத்துக்குக் கொஞ்சம் யோசித்தார்.

'அன்னைக்குக் காலையில வெள்ளைச் சட்டையில ஒரு பட்டன் விட்டுப்போச்சு, தைச்சுக் குடுன்னாரு. சாயங்காலம் தைக்கிறேன்னு சொல்லிட்டுக் கொழுந்துக்கு ஓடிட்டேன். ஒரு நாள் போகலாம்னா, போய் அதைத் தைச்சுக் குடுத்துட்டு வந்துருவேன்.'

அவ்வளவுதானா, அப்பாவைக் காப்பாற்ற வேண்டாமா என்று கேட்டேன்.

'அதுக்குத்தான் நீ போறேங்கிறியே' என்றார்.